குடும்ப வன்முறைக்குப் பின் உளவியல் மதிப்பீடு: அது என்ன, எதற்கு, எவ்வாறு நடைபெறும்?

குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்ணின் உடற்காயத்தை மருத்துவர் அளந்து எழுதுவது வழக்கம். அவ்வன்முறை அவரது மனத்தில் ஏற்படுத்திய பாதிப்பையும் முறையாக ஆராய்ந்து, நீதிமன்றத்திற்குப் பயன்படும் வகையில் எழுத்தில் தர இயலும். இப்பணியே சட்டம்சார் உளவியல் மதிப்பீடு எனப்படுகிறது. மனநல மருத்துவரோ, இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரோ இதனைச் செய்வர்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21), தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகத் தெரிவிக்கிறது. அகில இந்திய அளவில் இது ஏறத்தாழ 29 விழுக்காடு. ஆயினும் மனநலப் பிரிவுக்கு இக்காரணத்தைக் கூறிக்கொண்டு வருவோர் மிகச் சிலரே. தூக்கமின்மை, ஒற்றைத் தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, உடல் எரிச்சல் என்றே பெரும்பாலோர் வருகின்றனர். மதிப்பீடு என்ற சொல்லைக் கேட்டவுடன் அவர்கள் எழுப்பும் ஐயங்கள் இரண்டு. "என்னைப் பைத்தியம் என்று எழுதிவிடுவீர்களா?" என்பது ஒன்று. "அப்படி எழுதினால் பிள்ளைகளை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்களா?" என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான அச்சங்களே. இவற்றுக்கான விளக்கம் இப்பக்கத்தில் உரிய இடத்தில் தரப்பட்டுள்ளது.

சிகிச்சை வேறு, மதிப்பீடு வேறு

சிகிச்சையின் நோக்கம் துன்பத்தைக் குறைப்பது. அங்கு மருத்துவர் நோயாளியின் பக்கம் நிற்பவர். மதிப்பீட்டின் நோக்கமோ நீதிமன்றத்தின் கேள்விக்கு விடை தருவது. மதிப்பீட்டாளர் கனிவாகப் பேசுவார் என்றாலும் கூறப்படும் அனைத்தையும் சரிபார்ப்பார். முன்னுக்குப் பின் முரணானவற்றைக் கேட்பார். தமக்குச் சாதகமில்லாத செய்திகளும் அறிக்கையில் இடம்பெறக்கூடும் என்பதைப் பயனாளிகள் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

ஆகவே, அறையில் அமர்ந்தவுடன் தாங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இது சிகிச்சைக்கா, அறிக்கைக்கா?" இரண்டையும் ஒருவரே செய்யாதிருப்பது சிறந்த நடைமுறை. பெரிய மருத்துவமனைகளில் இது இயலும். சிறிய மருத்துவமனைகளில் ஒரே மருத்துவர்தான் இருப்பார். அந்நிலையில் எந்தப் பேச்சு எதற்குரியது என்பதை அவர் தெளிவுபடுத்த வேண்டும்.

இரகசியம் காத்தல் பற்றியும் நேராகச் சொல்லிவிடுவது நல்லது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆம் பிரிவு தங்கள் மருத்துவத் தகவல்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. கணவரோ, மாமியாரோ, ஊர்ப் பெரியவரோ கேட்டால் மருத்துவமனை தர இயலாது. ஆனால் நீதிமன்றம் ஆணையிட்டுக் கேட்டால் தர வேண்டும். வழக்கறிஞரிடம் கூறுவதற்கு உள்ள சட்டக் காப்பு மருத்துவரிடம் கூறுவதற்கு நம் நாட்டில் இல்லை.

எங்கே தொடங்குவது?

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி பகுதியினர் முதலில் தத்தம் வட்ட அரசு மருத்துவமனையை அணுகலாம். அங்கிருந்து மேல் பரிந்துரை பெற இயலும். மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் கீழ்ப் பணிபுரியும் பாதுகாப்பு அலுவலர், ஒருங்கிணைந்த சேவை மையம், அனைத்து மகளிர் காவல் நிலையம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, தங்கள் வழக்கறிஞர் ஆகிய எவர் வழியாகவும் மதிப்பீட்டுக்குக் கோரிக்கை வரலாம். நீதிமன்றமே அனுப்புவதும் உண்டு.

பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் சட்டம், 2005 (நடைமுறைக்கு வந்தது 26 அக்டோபர் 2006) உடல், பாலியல், சொல் மற்றும் உணர்வு, பொருளாதாரம் ஆகிய நால்வகைக் கொடுமைகளையும் வன்முறை என்றே வரையறுக்கிறது. அதன் விதிகளின்படி, குடும்ப நிகழ்வு அறிக்கை இல்லை என்ற காரணத்தால் எந்த மருத்துவமனையும் சிகிச்சையை மறுக்கக் கூடாது. அவ்வறிக்கை இல்லையெனில், மருத்துவமனைப் பொறுப்பாளரே படிவம் 1-ஐ நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலையும் கட்டணமின்றித் தர வேண்டும்.

ஒன்றை மறவாதீர்கள். உளவியல் அறிக்கை கைக்கு வரும்வரை மனுவைத் தள்ளிப்போடத் தேவையில்லை. இச்சட்டத்தின் 12-ஆம் பிரிவின் கீழ் அளிக்கப்படும் மனுவுடன் அறிக்கை இணைந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாட்களுக்குள் குறிக்கப்பட வேண்டும். 23-ஆம் பிரிவின்படி இடைக்கால ஆணையும் பெறலாம். உளவியல் அறிக்கை பெரிதும் பயன்படுவது 22-ஆம் பிரிவின் கீழ். மன வேதனைக்கும் உணர்வுத் துன்பத்திற்கும் இழப்பீடு கோரும் இடம் அதுவே.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் எழுதப்படும் விபத்துப் பதிவேட்டைப் பற்றியும் இங்கே கூற வேண்டும். "ஏ.ஆர். காப்பி" என்று அனைவரும் அழைக்கும் அத்தாளில், காயம் எவ்வாறு ஏற்பட்டது என்ற தங்கள் சொற்களே முதலில் பதிவாகின்றன. "வழுக்கி விழுந்துவிட்டேன்", "தெரிந்த நபர் அடித்தார்" என்று மட்டும் அது முடிந்துவிட்டால், பின்னர் விளக்க வேண்டிய சுமை கூடுகிறது. யார், எப்பொழுது, எங்கே, எதனால் என்பதைக் கூற இயன்றால் கூறுங்கள். கணவர் அருகில் நின்றால், அவரை வெளியே அனுப்புமாறு செவிலியரிடம் சைகை காட்டினாலும் போதும். காயம் அல்லது நஞ்சு என வந்தால் மருத்துவமனை காவல் நிலையத்திற்குத் தகவல் அனுப்புவது நடைமுறை. அது தகவல் மட்டுமே. புகார் கொடுப்பதா என்பது தங்கள் முடிவு.

முதல் நாள் ஒன்று கூறிப் பின்னர் வேறு கூறினால் வழக்குப் போய்விடுமோ என அஞ்ச வேண்டாம். அடித்தவரே ஆட்டோவில் ஏற்றி வந்து, பக்கத்தில் நிற்கும்போது உண்மையைச் சொல்ல இயலாது என்பதை மதிப்பீட்டாளர் அறிவார். எந்தச் சூழலில் முதல் வாக்குமூலம் தரப்பட்டது என்பதை அவர் அறிக்கையில் விளக்குவார்.

மதிப்பீட்டு அறையில்

ஒரே அமர்வில் இது முடிவதில்லை. பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று அமர்வுகள் தேவைப்படும். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்திற்கு மேல் நீளக்கூடும். தாங்கள் தனியாகவே பேசுவீர்கள். நிறுத்தச் சொல்லவும், தண்ணீர் கேட்கவும், ஒரு கேள்விக்கு இன்று விடை கூற இயலாது என்று சொல்லவும் தங்களுக்கு உரிமை உண்டு. பெண் மதிப்பீட்டாளர் வேண்டுமெனில் முன்பே கேளுங்கள்.

முதலில் வன்முறைக்கு முந்தைய வாழ்வைக் கேட்பார்கள். படிப்பு, வேலை, தூக்கம், பழைய உடல்நலம் ஆகியன இதில் அடங்கும். "அடித்ததைக் கேட்காமல் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்கிறார்களே" என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. முன்பு எவ்வாறு இருந்தார் என்பது தெரிந்தால்தான் இப்போதைய மாற்றம் எதனால் வந்தது என்று கூற முடியும். பிறகு வன்முறையின் வரலாறு. அதன்பின் இப்போதைய மனநிலை: அச்சம், திடுக்கிடல், கனவு, நினைவு, கவனம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவை ஆராயப்படும். கேள்வித்தாள்களும் தரப்படலாம். அவற்றுள் பி.எச்.கியூ-9 என்பது கடந்த இரு வாரங்களின் மனச்சோர்வை ஒன்பது கேள்விகளால் அளப்பது. மதிப்பெண் 0 முதல் 27 வரை. மதிப்பெண்ணை மட்டும் வைத்து எவரும் முடிவு கூறுவதில்லை, கூறவும் கூடாது.

கழுத்தை நெரித்தாரா என்று கட்டாயம் கேட்பார்கள். வெளியே தழும்பு இல்லாவிட்டாலும் இதனை மறைக்காதீர்கள். கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னர் அதே நபரால் கொல்லப்படும் அபாயம் பல மடங்கு கூடுதல் என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. குரல் கம்முதல், விழுங்கும்போது வலி, கண்ணில் இரத்தப் புள்ளி, நினைவு தப்பியது ஆகியவை இருந்தால் மனநலப் பிரிவுக்கு முன்பாக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

தேதிகளைப் பற்றிப் பலர் கவலைப்படுகின்றனர். "எந்த மாதம், எந்த நாள் என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை." கடும் அதிர்ச்சியின்போது மூளை நிகழ்வுகளை வரிசையாகச் சேமிப்பதில்லை. வாசனையும் சத்தமும் கூர்மையாக நினைவிருக்கும். நாளும் நேரமும் நழுவிவிடும். இது பொய்யின் அடையாளம் அன்று. நாட்காட்டியை விட்டுவிட்டுத் தங்களுக்குத் தெரிந்த வகையில் கூறுங்கள். "அழகர் ஆற்றில் இறங்கியதற்கு மறுநாள்", "மூத்தவளைப் பால்வாடியில் சேர்த்த வருடம்", "கண்மாய் நிறைந்த ஆண்டின் பொங்கல்" என்றால் போதும். சித்திரைப் பௌர்ணமி எந்த ஆங்கிலத் தேதியில் வந்தது என்பதைப் பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுதிக்கொள்வது மதிப்பீட்டாளரின் வேலை.

ஊரும் உறவும் மொழியும்

மதிப்பீடு பண்பாட்டை அறிந்து செய்யப்பட வேண்டும் என்பதன் பொருள் இங்குதான் தெளிவாகும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டில் பதினாறு கேள்விகள் கொண்ட பண்பாட்டு நேர்காணல் ஒன்று சேர்க்கப்பட்டது. தங்கள் துன்பத்தைத் தாங்கள் என்ன பெயரிட்டு அழைக்கிறீர்கள், அது எதனால் வந்தது எனக் கருதுகிறீர்கள், உறவினர் அதனைப் பற்றி என்ன சொல்கின்றனர் என்ற வகையில் அது செல்கிறது. நல்ல கருவிதான். ஆனால் மதுரைச் சமவெளியில் அதற்கு மேலும் சில தெரிந்திருக்க வேண்டும்.

"அடித்தவுடன் ஏன் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை?" என்பது அறியாமையில் கேட்கப்படும் கேள்வி. அத்தை மகனையோ தாய்மாமனையோ மணப்பது இப்பகுதியில் இன்றும் வழக்கில் உள்ளது. அவ்வாறு மணந்த பெண்ணின் மாமியார், அவரது தந்தையின் உடன்பிறந்தவர். மாமியாரின் மீது புகார் கொடுத்தால் தந்தை தம் சகோதரியை எதிர்க்க வேண்டும். தாய்மாமனை மணந்தவருக்கோ மாமியாரே தாயைப் பெற்ற பாட்டி. போவதற்கு வேறொரு வீடே இல்லை. சாதி மாறி மணந்தவருக்கும் அதே நிலைதான். பிறந்த வீட்டுக் கதவு முன்பே அடைபட்டிருக்கும். தங்கை திருமணமாகாமல் இருக்கிறாள், அக்கா திரும்பி வந்தால் அவளுக்கு வரன் வராது என்று கருதி ஆண்டுக்கணக்கில் அடங்கிப்போகும் பெண்களும் உண்டு. வெளியேறாமல் இருந்ததை "பாதிப்பு இல்லை" என்று எழுதும் அறிக்கை பிழையானது.

மூத்த பெண்கள் கணவரின் பெயரைச் சொல்வதில்லை. "அவுக", "பிள்ளைகளின் அப்பா" என்பார்கள். சட்ட ஆவணத்தில் பெயர் தேவை. ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாலோ, குடும்ப அட்டையைக் காட்டச் சொன்னாலோ அது தீர்ந்துவிடும். "அடிக்கல, லேசாத் தட்டுனாக" என்ற சொல்லை அப்படியே எழுதிக்கொண்டு, தட்டியது எதனால், எத்தனை முறை, பின்பு எத்தனை நாள் வேலைக்குப் போக இயலவில்லை என்று கேட்க வேண்டும். பாலியல் கொடுமைக்கு நம் வீடுகளில் பேச்சு வழக்கில் சொல்லே இல்லை. "இராத்திரியில தொந்தரவு" என்பது பெரும்பாலும் அதைக் குறிக்கும். விசாரிக்காமல் தூக்கமின்மை என்று எழுதிவிடக் கூடாது.

பொருளாதாரக் கொடுமைக்கும் இங்கு தனி முகங்கள் உண்டு. சீராக வந்த நகை கேட்காமலேயே அடகுக் கடைக்குப் போயிருக்கும். மகளிர் குழுக் கடன் மனைவியின் பெயரில் எடுக்கப்பட்டிருக்கும். பணம் கணவரிடம், வாரத் தவணை மனைவியின் தலையில். நூறு நாள் வேலைக் கூலியும் மாதந்தோறும் வரும் மகளிர் உரிமைத் தொகையும் ஏறும் கணக்கின் ஏ.டி.எம். அட்டை மாமியாரிடம் இருக்கும். இவற்றைக் "குடும்ப வழக்கம்" என்று எண்ணிச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

சாமி வருதலும் பேய் பிடித்தலும் அடிக்கடி எழும் செய்திகள். பாண்டி கோயிலுக்கோ கோரிப்பாளையம் தர்காவுக்கோ அழைத்துச் சென்றோம் என்று உறவினர் தயங்கித் தயங்கிக் கூறுவர். தயங்க வேண்டியதில்லை. திருவிழாவில், ஊரார் ஏற்கும் முறையில் சாமி ஆடுவது நோய் அன்று. அடி விழுந்த இரவுகளை அடுத்து மட்டும் நினைவிழந்து ஆவேசம் வருகிறது எனில் அது வேறு. தாங்க இயலாத துன்பத்திலிருந்து மனம் தன்னைப் பிரித்துக்கொள்ளும் நிலையாக அது இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, எப்போது, எதன்பின், யார் முன்னிலையில் என்ற விவரம் தேவை.

மொழியும் முக்கியம். மதுரையில் சௌராட்டிரமும் தெலுங்கும் உருதும் வீட்டு மொழியாகக் கொண்ட குடும்பங்கள் பல. கடைத்தெருவில் சரளமாகத் தமிழ் பேசுவோரும் அழுகையின்போது தாய்மொழிக்கே திரும்புவர். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனில் கேட்கலாம். ஆனால் கணவரின் உறவினரோ, தங்கள் குழந்தையோ அப்பணியைச் செய்யக் கூடாது.

சிரித்துக்கொண்டே கொடுமையை விவரிப்போரும், உணர்ச்சியின்றிப் பிறர் கதை போலச் சொல்வோரும் உண்டு. பெரியவர் முன், குறிப்பாக ஆண் அலுவலர் முன், கண்ணைப் பார்த்துப் பேசாமல் வளர்ந்தவர்கள் தலைகுனிந்தே இருப்பர். பயிற்சியில்லாத கண்ணுக்கு இவை "நாடகம்" எனப் படலாம்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. பண்பாட்டை அறிதல் என்பது வன்முறைக்குச் சலுகை அளிப்பது அன்று. "இந்தச் சமூகத்தில் இது சகஜம்" என்ற வரி எந்த மதிப்பீட்டு அறிக்கையிலும் இடம்பெறத் தகாதது. அடி எங்கும் அடியே. அதை அவர் எவ்வாறு தாங்கினார், எவ்வாறு சொல்கிறார் என்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு.

நல்லதங்காளும் நீதிமன்றமும்

நம் ஊர்க் கதை ஒன்று இந்தியக் குற்றவியல் சட்டத்தில் இடம்பெற்றிருப்பதைப் பலர் அறியார். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளுடன் அண்ணன் வீடு தேடிச் சென்று, அண்ணியால் அவமதிக்கப்பட்டு, பிள்ளைகளைக் கிணற்றில் வீசித் தானும் விழுந்த நல்லதங்காளின் கதை தென் மாவட்டங்களில் எல்லோருக்கும் தெரிந்தது. விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புக்கு அருகிலுள்ள அர்ச்சுனாபுரத்தில் அவருக்குக் கோயிலும் உண்டு. குடும்பத் துயரம் தாளாமல் குழந்தைகளுடன் கிணற்றில் குதித்து, குழந்தைகள் இறக்கத் தாம் மட்டும் உயிர் பிழைத்த ஒரு தாயின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திற்கு வந்தது. சட்டத்தில் அதுவரை "திடீரெனக் கடும் ஆத்திரமூட்டல்" என்ற விலக்கு மட்டுமே இருந்தது. 1989-இல் வெளியான அத்தீர்ப்பு, நெடுநாள் சேர்ந்த துன்பமும் "தொடர் ஆத்திரமூட்டல்" ஆகும் என்று ஏற்று, குற்றத்தைக் கொலை என்னும் நிலையிலிருந்து குறைத்தது. இம்மனநிலை "நல்லதங்காள் நோய்க்குறி" என்ற பெயரில் பின்னர் பேசப்பட்டது. 2013-இல் கௌகாத்தி உயர் நீதிமன்றமும், கணவரின் தொடர் கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணின் வழக்கில் இதனை எடுத்துக்காட்டியது.

நோய்க்குறி என்ற சொல்லின் மீது எமக்கு முழு உடன்பாடு இல்லை. சூழ்நிலையின் கொடுமையை அது பெண்ணின் மூளைக்குள் வைத்துவிடுகிறது. ஆயினும் அத்தீர்ப்பு ஒரு நாளின் செயலை மட்டும் பார்க்காமல் ஆண்டுகளின் வரலாற்றைப் பார்த்தது. மதிப்பீடும் அதையே செய்கிறது.

வரலாறு கேட்கப்படாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த கிரண்ஜித் அலுவாலியா வழக்கு சான்று. பஞ்சாபிலிருந்து திருமணமாகிச் சென்ற அவர், பத்தாண்டுக் கொடுமைக்குப் பின் 1989-இல் கணவருக்குத் தீ வைத்தார். கணவர் இறந்தார். குடும்ப மானம் கருதி அவர் வாய்மூடி இருந்த ஆண்டுகள் விசாரணையில் சரியாக எடுத்துரைக்கப்படவில்லை. அவருக்குக் கடும் மனச்சோர்வு இருந்தது என்ற மருத்துவக் கருத்தும் பயன்படுத்தப்படவில்லை. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கி மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. அதே ஆண்டில், பொறுப்புணர்வு குன்றிய நிலையில் நேர்ந்த மரணம் என்ற அளவில் குற்றம் ஏற்கப்பட்டு, ஏற்கெனவே சிறையில் கழித்த காலமே தண்டனையாகக் கொள்ளப்பட்டு விடுதலையானார்.

வழக்குகளில் பெரும்பாலானவை இத்தகைய துயர முடிவை எட்டுவதில்லை. பாதுகாப்பு ஆணை, வாழ்பொருள், குழந்தைகளின் பொறுப்பு, இழப்பீடு ஆகியவையே வழக்கமான கோரிக்கைகள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86-ஆம் பிரிவுகள் (முன்பு 498-ஏ) கணவரின் அல்லது அவரது உறவினரின் கொடுமையைத் தண்டிக்கின்றன. பெண்ணின் "உடல் அல்லது மன" நலத்திற்குக் கடும் தீங்கு விளைவிக்கும் நடத்தையும் கொடுமையே என்று 86-ஆம் பிரிவு கூறுகிறது.

அறிக்கை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

யார் அடித்தார் என்பதை உளவியல் அறிக்கை மெய்ப்பிக்காது. பொய் கண்டறியும் கருவியும் அன்று அது. கூறப்பட்ட வன்முறைக்கும் காணப்படும் பாதிப்புக்கும் உள்ள பொருத்தம் எந்த அளவினது என்பதையே அது கூறும். சித்திரவதைக்கு ஆளானோரை ஆவணப்படுத்த 1999-இல் உருவாக்கப்பட்டு 2022-இல் திருத்தப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை, "பொருந்தவில்லை" என்பது முதல் "பொருந்துகிறது", "மிகவும் பொருந்துகிறது" எனப் படிப்படியான சொற்களைத் தருகிறது. குடும்ப வன்முறையிலும் இம்முறை நன்கு பயன்படுகிறது. 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆம் நோய் வகைப்பாடு, நீண்ட காலம் தொடர்ந்த, தப்பிக்க இயலாத கொடுமையின் பின்விளைவைத் தனியொரு நோய்நிலையாக ஏற்றுள்ளது. ஆண்டுக்கணக்கில் துன்புற்றவர்களின் நிலையை இது பழைய வகைப்பாட்டைவிட நன்கு விளக்குகிறது.

நோய் எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தால் வன்முறை நடக்கவில்லை என்று பொருள் அன்று. சிலர் தாங்கிக்கொள்கின்றனர். நல்ல அறிக்கை இதனை ஒரு வரியில் தெளிவாக எழுதியிருக்கும். மதிப்பீட்டாளரின் கருத்து, பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 39-ஆம் பிரிவின்படி வல்லுநர் கருத்தாகும். ஏற்பதும் மறுப்பதும் நீதிபதியின் உரிமை. மதிப்பீட்டாளரைச் சாட்சியாக அழைத்துக் குறுக்கு விசாரணை செய்யவும் கூடும்.

"மனநோயாளி" என்ற முத்திரை

இனி, தொடக்கத்தில் கூறிய அச்சம். மனைவி வாங்கிய தூக்க மாத்திரைச் சீட்டைப் பத்திரப்படுத்தி வைத்து, விவாகரத்து வழக்கில் "இவர் மனநிலை சரியில்லாதவர்" என்று தாக்கல் செய்யும் கணவர்கள் உள்ளனர். இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் மனநோய் ஒரு காரணமாக உள்ளது என்பதும் உண்மை. ஆனால் நோயின் பெயர் மட்டும் போதாது, இணைந்து வாழ்வதை எதிர்பார்க்க இயலாத அளவுக்கு அது கடுமையாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-இலேயே கூறிவிட்டது. மனச்சோர்வும் அதிர்ச்சிக்குப் பின்வரும் பதற்றமும் சிகிச்சையால் தேறக்கூடியவை. மணவாழ்வில் எதிர்த்தரப்பு கேட்டவுடன் நீதிமன்றம் மனநலப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவதும் இல்லை. வலுவான முகாந்திரம் வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வரையறுக்கிறது.

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு இதில் பெரிதும் உதவும். சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு மதிப்பீடுகளுக்கு ஒருவர் இணங்கவில்லை என்பதற்காக அவரை மனநோயாளி என முடிவு செய்யக் கூடாது என்கிறது அது. எதிர்த்துப் பேசினார், தனியே வெளியூர் சென்றார், தாலியைக் கழற்றி வைத்தார் என்பன நோயின் அறிகுறிகள் ஆகா. மனநோய் உள்ளது என்பதாலேயே ஒருவர் சித்த சுவாதீனமற்றவர் ஆகிவிடுவதில்லை என்றும் அப்பிரிவு கூறுகிறது. வழக்கில் ஒரு தரப்பு மனநோய்ச் சான்றைக் காட்டி, மறுதரப்பு அதனை மறுத்தால், 105-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அதனை மனநல மறுஆய்வு வாரியத்தின் கருத்துக்கு அனுப்ப வேண்டும்.

பிள்ளைகள் பற்றிய வழக்கில் குழந்தையின் நலனே அளவுகோல். சிகிச்சை பெறுகிறார் என்பது தாய்க்கு எதிரான சான்று அன்று. முறையாக மருந்து உட்கொண்டு தேறிவரும் தாய் தம் பொறுப்பை உணர்ந்தவர் என்றே ஒரு நேர்மையான அறிக்கை கூறும். ஆகவே வழக்குக்கு அஞ்சி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

அரளி விதையையோ பூச்சிமருந்தையோ உட்கொண்டு பிழைத்தவர்களுக்கு ஒரு சொல். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு புதிய சட்டத் தொகுப்பில் இல்லை. உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு கருதுகிறது; அவருக்குப் பராமரிப்பு அளிப்பது அரசின் கடமை. எதனால் அவ்வாறு செய்தீர்கள் என்று வார்டில் கேட்கும்போது உண்மையைக் கூறலாம்.

உடன் வருவோருக்கு

தாய், சகோதரி, தோழி என எவர் வந்தாலும் அமர்வின்போது வெளியே காத்திருங்கள். இவ்வாறு சொல், அதைச் சொல்லாதே என்று வழியில் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஒப்பித்த சொற்கள் எளிதில் தெரிந்துவிடும். உண்மையான துன்பத்தின் மீதும் ஐயம் விழும். தங்களிடம் தனியே விவரம் கேட்கப்படலாம். தாங்கள் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பிரித்துக் கூறுங்கள்.

விபத்துப் பதிவேட்டு நகல், சிகிச்சைச் சுருக்கம், பழைய மருந்துச் சீட்டுகள், புகைப்படங்கள், குரல் பதிவுகள் இருப்பின் கொண்டுவாருங்கள். கைப்பேசிச் செய்திகளை வேதனை தாங்காமல் அழித்துவிட வேண்டாம். அமர்வு முடிந்த அன்றும் மறுநாளும் பழைய காட்சிகள் திரும்ப வரலாம், தூக்கம் கெடும், சாப்பாடு இறங்காது. அந்த இரண்டு நாட்கள் அவரைத் தனியே விடாதீர்கள். "போனது போகட்டும், பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்" என்ற ஆறுதலை அந்நாட்களில் மட்டுமேனும் தவிர்த்துவிடுங்கள்.

பெண்களுக்கான உதவி எண் 181. மனநல ஆலோசனைக்கு 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108, குழந்தைகளுக்கு 1098. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100. கைப்பேசியைக் கணவர் பார்ப்பார் எனில் அக்கம்பக்கத்தில் ஒருவர் கைப்பேசியிலிருந்து அழையுங்கள்.

மருத்துவ ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் உள்ளது. அறிக்கை பொதுவாகக் கேட்ட அலுவலகத்திற்கோ நீதிமன்றத்திற்கோ மூடிய உறையில் செல்லும். வழக்கு நடக்கும்போது வழக்கறிஞர் வழியாக நகல் பெறலாம். கையில் கிடைக்கும் நகலை அரிசிப் பானையிலோ பீரோவிலோ ஒளித்து வைக்க வேண்டாம். நம்பிக்கைக்குரிய உறவினரிடமோ வழக்கறிஞரிடமோ ஒப்படைத்துவிட்டு, அடுத்த மருத்துவ நாளுக்கான சீட்டை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். அச்சீட்டில் "மனநலப் பிரிவு" என்று எழுதியிருப்பது வீட்டில் இடர் தரும் எனில், மருத்துவரிடம் முன்பே தெரிவியுங்கள்.